ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

பெருந்தொற்று தணிந்து பள்ளிகள் திறந்த காலத்தில் நான் பள்ளி ஒன்றில் மனநல ஆலோசகராக இருந்தேன். ஆசிரியர் கூட்டங்களில் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: விட்டுப்போன பாடத்தை எப்போது முடிப்பது? நியாயமான கவலைதான். யுனெஸ்கோ கணக்குப்படி 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்புக்கு வெளியே இருந்தார்கள். உகாண்டாவில் 2022 ஜனவரியில்தான் பள்ளிகள் முழுமையாகத் திறந்தன. அவ்வளவு நாள் மூடினால் படிப்பு பின்தங்கத்தானே செய்யும்?

ஆனால் என் அறைக்கு வந்த பிள்ளைகளின் சிக்கல் வேறு. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் தோற்கத் தெரியவில்லை. கூட விளையாட ஆளே இல்லாமல் வளர்ந்த குழந்தை தோற்றுப் பழகுவது எங்கே? ஆட்டத்தில் அவுட் ஆனதற்கு ஒரு பையன் மதியம் வரை அழுதான். பெரிய வகுப்பில் ஒரு மாணவி, கட்டாயம் நீங்கிய பிறகும் முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. மாடிப்படி ஓரத்தில் தனியாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாள். பள்ளி மூடியபோது அவளுக்கு 12 வயது. திறந்தபோது முகத்தில் பரு, பல்லில் கம்பி. அந்த முகத்தை வகுப்பில் யாரும் பார்த்ததில்லை. அதை முதன்முதலாகக் காட்டுவது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெரியவர்களுக்குப் புரியவில்லை.

நிலைமையை மாற்றியது ஓர் அம்மாவின் நோட்டுப் புத்தகம். மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி. மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, உடலில் கோளாறு இல்லை, பதற்றத்தால் வருகிற வலி, ஆனால் வலி நிஜம் என்று சொல்லியிருந்தார். அந்த அம்மா தேதி போட்டு எழுதி வந்திருந்தார்: ‘ஞாயிறு இரவு தூக்கமில்லை. திங்கள் காலை வலி. பள்ளி நேரம் தாண்டியதும் வலி இல்லை.’ பக்கத்துக்குப் பக்கம் அதேதான். பாடத்தை ஈடுகட்ட நாங்கள் ஒவ்வொரு திங்களும் தேர்வு வைத்துக்கொண்டிருந்தோம்.

பெற்றோர் தனியாக வந்து சொன்னால், ‘பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கிறீர்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். நான் தனியாகச் சொன்னால், ‘மேடம், அதெல்லாம் புத்தகத்துக்குச் சரி’ என்பார்கள். அதனால் சேர்ந்தே போனோம். அந்த அம்மாவின் அனுமதியோடு நோட்டையும் மருத்துவரின் கடிதத்தையும் தலைமை ஆசிரியரின் மேசையில் வைத்தோம். இன்னும் சில பெற்றோரும் வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே ஞாயிறு இரவுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் வேறு இரண்டு அமைப்புகளும் 2021 அக்டோபரில் குழந்தைகளின் மனநலத்தைத் தேசிய அவசரநிலை என்று அறிவித்ததையும் சொன்னேன். அதைத் தலைமை ஆசிரியர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நோட்டைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

எல்லாப் பெற்றோரும் எங்கள் பக்கம் இல்லை. தேர்வைக் குறைத்தால் பிள்ளை எப்படித் தேறும் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு வழியாகத் தேர்வு வாரநடுவுக்கு மாறியது, அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. திங்கள் முதல் பாடவேளை விளையாட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகள் கருத்துச் சொல்லலாம் என்கிறது 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. எங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளைகூட இல்லையே என்று உறுத்தியதால், பிறகு வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டோம். பெரும்பாலானவர்கள் கேட்டது நீளமான மதிய இடைவேளை. அதற்கு இன்னும் கால அட்டவணையில் இடம் கிடைக்கவில்லை. பெற்றோர்களும் நாங்களும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.