பிக்கப்புக்கு ஏர் டேம் மாட்டிய கதை

பழைய ஏர் டேம் ஒரு வேகத்தடையில் உரசிக் கிழிந்து, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எரிச்சலில் பிடுங்கிப் போட்டுவிட்டேன். பம்பருக்குக் கீழே தொங்கும் கறுப்புப் பட்டை, அழகுக்குத்தானே என்ற நினைப்பு. ஆனால் வண்டிக்கு அடியில் புகும் காற்றைக் குறைப்பதோடு, ரேடியேட்டருக்குப் பின்பக்கம் அழுத்தத்தைத் தணித்து, கிரில் வழியே காற்று நன்றாக உள்ளே போக உதவுவதும் அதுதான் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சரி, கம்பெனிப் பாகம் வேண்டாம், எல்லா வண்டிக்கும் பொருந்தும் நீளமான பட்டை ஒன்றை வாங்கி வெட்டி மாட்டலாம் என்று இறங்கினேன்.

சுருட்டி வந்த பட்டை பாம்பு மாதிரி வளைந்தே கிடந்தது. ஒரு மதியம் முழுக்க வெயிலில் விரித்துப் போட்ட பிறகே படிந்தது. அந்தப் பொறுமையை அடுத்த வேலையில் நான் காட்டவில்லை. இடது ஓரத்தில் ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கிவிட்டு, அப்படியே வலது பக்கம் நகர்ந்தேன். இரண்டாவது போல்ட்டுக்குள்ளேயே பட்டை நடுவில் அலை அலையாகப் புடைத்தது. வலது முனையோ ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. பம்பர் நேரானதல்ல, வளைவு. ஓரத்தில் செய்த சிறு பிழை மறு ஓரத்தில் பெரிதாகத்தான் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் கழற்றினேன். பம்பரின் நடுவையும் பட்டையின் நடுவையும் அளந்து மாஸ்கிங் டேப்பில் கோடு போட்டு, இரண்டையும் சேர்த்து கிளாம்பால் பிடித்தேன். நடுவிலிருந்து ஒரு ஓட்டை இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று மாறி மாறிப் போனேன். ஒவ்வொரு இடத்திலும் சென்டர் பஞ்ச் (புள்ளி குத்தும் கூர் உளி) வைத்து ஒரு தட்டு, 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டில் ஒரு சிறு வழித்துளை, பிறகு 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தக்க பெரிய பிட். டிரில்லை அழுத்தும் முன் பின்பக்கம் கைவிட்டுத் துழாவுங்கள். மூடுபனி விளக்கின் ஒயர் எனக்கு ஒரு விரல் தூரத்தில்தான் இருந்தது.

பட்டையிலுள்ள ஓட்டைகளை மட்டும் நீளவாக்கில் கொஞ்சம் அகட்டினேன். பிளாஸ்டிக் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இறுக்கிப் பூட்டினால் மறுபடி புடைக்கும். அகலமான வாஷர் போட்டு, பட்டை லேசாக அசையும் அளவுக்கே முறுக்கினேன். எனது பம்பர் இரும்பு என்பதால் துளைத்த விளிம்புகளில் துரு பிடிக்காதபடி பிரைமர் தடவியது தனி வேலை.

ஜாக்கில் தூக்கிய நிலையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. கீழே இறக்கி ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததும் டயர் பட்டையின் முனையை உரசியது. இரண்டு முனைகளிலும் 2 சென்டிமீட்டர் சாய்வாக வெட்ட வேண்டியிருந்தது. இந்தச் சோதனையைத் தரையில் வைத்துத்தான் செய்ய வேண்டும். சக்கரம் தொங்கும்போது பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு பார்த்தால் இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன. எல்லாவற்றையும் உள்ளே நைலான் வளையம் இருக்கும், எளிதில் தளராத நட்டுகளாக மாற்றிவிட்டேன். படபடப்பு இப்போது இல்லை. இடது ஓரத்தில் வீணாகப் போட்ட இரண்டு ஓட்டைகள் மட்டும் ரப்பர் மூடியோடு அப்படியே இருக்கின்றன.