கடைசி ஆள் வந்து சேரும் வரை

மே 6, ரோம்

நான் இத்தாலிக்கு அழைத்து வந்த சுற்றுலாக் குழுவின் விமானம் தாமதம். பேருந்தில் ஏறியதுமே பாதிப் பேர் கண்ணை மூடிவிட்டார்கள். அந்த நேரத்தில் மைக்கைப் பிடித்து வரலாறு சொன்னால் யார் காதிலும் ஏறாது. அறைச் சாவி எப்போது கிடைக்கும், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், அவ்வளவுதான் சொன்னேன்.

மே 7, வாத்திகன்

சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் மௌனம் காக்க வேண்டும். வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாது. அதனால் வெளியே முற்றத்தில் ஓவியங்களின் படங்களை வைத்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் அங்கேயே சொல்லி முடித்துவிட வேண்டும்.

ஓவியர் மைக்கலாஞ்சலோ மல்லாந்து படுத்துக்கொண்டு அந்தச் சிற்றாலயத்தின் கூரை ஓவியங்களை வரைந்தார் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். 1508 முதல் 1512 வரை நடந்த அந்த வேலையில் அவர் சாரத்தின் மேல் நின்று, அண்ணாந்து பார்த்தபடிதான் வரைந்தார். கழுத்து வீங்கியதையும், தூரிகையிலிருந்து வண்ணம் முகத்தில் சொட்டியதையும் நண்பருக்குக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். பக்கத்தில் தன்னையே சின்னதாக வரைந்தும் வைத்திருக்கிறார். இதைச் சொன்னேன். ஆண்டுக் கணக்கு மறந்துபோகும். ஆனால் உள்ளே போய்க் கழுத்தை நிமிர்த்தியதும் இது ஞாபகம் வந்தே தீரும். வெளியே வந்ததும் ஓர் அம்மா, "எனக்கு அஞ்சு நிமிஷத்துலயே வலிக்குதே, அந்த மனுஷன் எப்படித் தாங்கினாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

மே 10, ஃபுளோரன்ஸிலிருந்து நேப்பிள்ஸ்

நாள் முழுக்கச் சாலை. ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டுநருக்கு 45 நிமிட ஓய்வு கட்டாயம். வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துவிடும். "பத்து நிமிஷம் போதாதா தம்பி?" என்றார் ஒரு பெரியவர். "போதாதுங்க ஐயா, நம்ம எல்லாரோட உயிரும் அவர் கையிலதானே இருக்கு" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

மே 11, பொம்பெயி

இத்தாலியில் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டிதான் விளக்க வேண்டும். அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது என் பங்கு. அருமையான பெண்மணி. ஒவ்வோர் இடத்திலும் வெயில் தன் முகத்தில் படும்படி நின்றுகொண்டார், கேட்பவர்களுக்குக் கண் கூசக் கூடாதே என்று. கடைசி ஆள் வந்து சேரும் வரை வாயைத் திறக்கவில்லை. முன்னால் வந்தவர்களுக்கு மட்டும் பேசிவிட்டு நகர்ந்தால், பின்னால் வருகிறவர்களுக்கு நாள் முழுக்க முதுகுகள்தான் தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

தெருக்கல்லில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளங்கள் இருக்கின்றன. முழங்கால் வலியோடு மெல்ல வந்த அந்தப் பெரியவர் குனிந்து, விரலை ஒரு பள்ளத்தில் வைத்து ஆழம் பார்த்தார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து இந்த நகரையே புதைக்கும் முன்பு ஓடிய வண்டிகள்! தெருவைக் கடக்கப் போட்ட மேட்டுக்கற்களுக்கு நடுவில் சக்கரம் போக விட்ட இடைவெளியை அவரேதான் கண்டுபிடித்து மற்றவர்களுக்குக் காட்டினார். அப்புறம் கேள்விகள் நிற்கவே இல்லை.

நாளை நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகம். பொம்பெயியில் கிடைத்த அலெக்சாண்டர் மொசைக், அதாவது சின்னச் சின்னக் கற்களைப் பதித்துச் செய்த படம், அங்கேதான் இருக்கிறது. அட்டவணையில் ஒரு மணி நேரம்தான் போட்டிருக்கிறார்கள். இன்று வந்த கேள்விகளுக்கு அது காணாது. கடைவீதிக்கு ஒதுக்கிய நேரத்தையும் இதற்கே தரும்படி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன்.