எண்கள் தாமாகவே மாறின

லேடெக் என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருளில், மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில் ஒரு சமன்பாட்டைச் சேர்த்து, மூலத்தை பிடிஎஃபாக மாற்ற கம்பைல் கொடுத்தேன். அதற்குப் பின்னால் இருந்த சமன்பாட்டு எண்கள் எல்லாம் தாமாகவே மாறிவிட்டன.

போன வருஷம் இதே வேலைக்கு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கையால் திருத்தினேன்.

லேடெக் எழுத எந்த எடிட்டர் என்று ஒரு வாரம் குழப்பம். இணையத்தில் இயங்கும் ஓவர்லீஃபுக்கு பிரவுசரே போதும், ஆனால் விடுதியில் இணையம் நிற்காது. சரி, லேப்டாப்பிலேயே இருக்கட்டும் என்று டெக்ஸ்டூடியோ போட்டேன்.

பிடிஎஃபில் ஒரு வரியின் மேல் கன்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்தால், மூலத்தில் அதே வரியில் போய் நிற்கிறது. தமிழ் மேற்கோள்களுக்காக, தமிழ் எழுத்துகளை நேரடியாக ஏற்கும் லேடெக் வகையான ஸீலேடெக்குக்கு மாற்றிக்கொண்டேன்.

தன் புத்தகத்தின் அச்சுப்படி அழகாக இல்லையே என்றுதான் கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1977இல், லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை எழுதத் தொடங்கினார். அந்த மனக்குறைக்கு இன்று ராத்திரி நன்றி சொல்லத் தோன்றுகிறது.