முதலில் பூச்சிக்குச் சாப்பாடு, பிறகுதான் முத்துவுக்கு

போன வாரம் ராத்திரி மகள் இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். விரல் இடுக்கில் ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. "அப்பா, மின்மினிப்பா! முத்துவுக்குக் குடுக்கட்டா?"

முத்து எங்கள் பியர்டட் டிராகன், வீட்டில் வளர்க்கும் ஓணான் வகைப் பிராணி. நாலு வயதாகிறது. நான் பதறி எழுந்த வேகத்தில் பிள்ளை மிரண்டுபோய்விட்டாள். ஆசையாகக் கொண்டுவந்தவளிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு பூச்சியாலேயே முத்துவின் உயிர் போயிருக்கலாம்.

பல மின்மினி வகைகளின் உடம்பில் லூசிபுஃபாஜின் என்றொரு நஞ்சு இருக்கிறது. தேரையின் நஞ்சுக்கு நெருங்கிய உறவு. நேராக இதயத்தைத் தாக்கும். மின்மினி தின்ற பியர்டட் டிராகன்கள் செத்துப்போனதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். வாயைப் பிளக்கும், தலையை உதறும், உடம்பு கறுத்துப்போகும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். 'வேண்டாததை அதுவே துப்பிவிடாதா' என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. இவன் ஓணான் குடும்பம்தான், ஆனால் இவன் இனம் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், வறண்ட நிலத்தில் உருவானது. ஈரம் தேடி வாழும் மின்மினியை இவன் முன்னோர்கள் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. அசைந்தால் இரை, அவ்வளவுதான் இவனுக்குத் தெரியும். எது வேண்டாம் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டியது நான்.

மின்மினி மட்டுமல்ல, வெளியே பிடித்த எந்தப் பூச்சியையும் நான் கொடுப்பதில்லை. தோட்டத்து வெட்டுக்கிளி பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கிறது. அது எந்த மருந்து தெளித்த இலையைத் தின்றது, வயிற்றில் என்ன ஒட்டுண்ணியைச் சுமக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. தீனிக்கென்றே வளர்த்த பூச்சிகளை வாங்குகிறேன்: பெரும்பாலும் சுவர்க்கோழி, டூபியா கரப்பான், கிடைக்கும்போது பட்டுப்புழு.

வாங்கி வந்ததை அன்றைக்கே போட்டுவிடுவதும் இல்லை. பல பேர் கோட்டை விடுவது இங்கேதான், நானும் முதல் வருஷம் அப்படித்தான் விட்டேன். டப்பாவில் பட்டினி கிடந்து வந்த சுவர்க்கோழி வெறும் கூடு. முத்து தின்பது பூச்சியை மட்டுமல்ல, பூச்சி தின்றதையும் சேர்த்துத்தான். அதனால் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், கீரையும் கேரட்டும் பூசணித் துண்டும் போட்டு வைக்கிறேன். தண்ணீர்க் கிண்ணம் வைப்பதில்லை, அதில் விழுந்து செத்துவிடும்; கேரட்டின் ஈரமே போதும். ஒளிந்துகொள்ள முட்டை அட்டை. செத்ததைத் தினமும் பொறுக்கிப் போடுகிறேன், இல்லாவிட்டால் நாற்றமும் நோயும் மற்றவற்றுக்கும் பரவும். மனைவி சொல்கிறாள், முத்துவைவிடச் சுவர்க்கோழிக்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறேன் என்று. உண்மைதான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது கால்சியம். ஊர்வனவற்றுக்கு உணவில் பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்கு கால்சியம் இருப்பது நல்லது. சுவர்க்கோழியில் இது தலைகீழ்: பாஸ்பரஸ்தான் பல மடங்கு. அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். தாடை ரப்பர்போல நெகிழும், கால் நடுங்கும், முதுகு வளையும். பிறகு மருத்துவம் செய்தாலும் வளைந்த எலும்பு நிமிர்வதில்லை. பூச்சிகளை ஒரு பையில் போட்டு, ஒரு சிட்டிகை கால்சியம் பொடி தூவி, மெல்லக் குலுக்கி எடுத்தால் மாவில் புரட்டியதுபோல வரும். குட்டியாக இருந்தபோது அநேகமாகத் தினமும், இப்போது வாரத்தில் சில நாள். ஆனால் கூண்டில் உள்ள யுவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருப்பதுபோன்ற புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு, சரியில்லை என்றால் இந்தப் பொடியால் பயனில்லை. அந்த ஒளியில்தான் தோல் வைட்டமின் டி3 தயாரிக்கிறது. அது இருந்தால்தான் கால்சியம் உடம்பில் சேரும். விளக்கு பளிச்சென்று எரியும்போதே அதன் புற ஊதாக் கதிர் குறைந்துபோயிருக்கும். கண்ணை நம்பாமல் தேதி எழுதி வைத்து மாற்றுகிறேன்.

அளவுக்கு நான் பார்ப்பது முத்துவின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். குட்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். சூப்பர்வார்ம் என்ற பெரிய வண்டுப்புழு, மெழுகுப்புழு இரண்டையும் எப்போதாவதுதான் கொடுக்கிறேன். விழுங்கிய புழு வயிற்றைக் கடித்துத் துளைத்து வெளியே வரும் என்று பயமுறுத்துவார்கள், அது கட்டுக்கதை. என் கவலை அதிலுள்ள கொழுப்பு. ருசி கண்டுவிட்டால் கீரைப் பக்கமே திரும்பமாட்டான். வளர்ந்த டிராகனுக்குத் தட்டில் பெரும்பங்கு கீரையும் காயும்தானே.

ஒரு விஷயத்தை எழுதும்போது இன்னும் மனசு கனக்கிறது. முத்து வந்த இரண்டாவது மாதம், பசித்தால் தின்னட்டும் என்று ஏழெட்டுச் சுவர்க்கோழிகளை ராத்திரி கூண்டிலேயே விட்டுவிட்டேன். காலையில் அவன் பின்னங்கால் விரல் ஒன்று கடிபட்டுச் சிவந்திருந்தது. தூங்குகிற பிராணியைப் பசித்த சுவர்க்கோழி கடிக்கும். கண்ணைச் சுற்றியும் கடிக்கும். எங்கள் மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார், ஆறிவிட்டது. அன்றிலிருந்து எண்ணிப் போடுகிறேன், பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தை எண்ணி எடுக்கிறேன். சாயங்காலம் விளக்கு அணைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே தீனியை முடித்துவிடுகிறேன். வெயில் காயும் கல்லில் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு இருந்தால்தான் அவனுக்குச் செரிக்கும்; குளிர்ந்த வயிற்றில் பூச்சி அப்படியே கிடக்கும்.

அந்த மின்மினியை மகளே வெளியே கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். முத்துவைத் தொட்டாலும் கழுவவேண்டும், சால்மோனெல்லா என்ற கிருமியின் பயம் உண்டு என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் சுவர்க்கோழி டப்பாவின் முன்னால் உட்கார்ந்து கேரட் துண்டுகளை உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு முத்து சாப்பிடுறது இதைத்தானேப்பா?" என்றாள்.