இரண்டாம் முறை கொடுப்பவர்

கோபி, பவானி, அந்தியூர் வட்டாரங்களில் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளின் வீடு தேடிச் செவிலியரை அனுப்பும் ஒரு சிறிய அறக்கட்டளையின் நிதிப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். புதிய கொடையாளர்களை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொங்கு நாட்டில் அது அத்தனை பெரிய காரியம் அன்று. கோயில் கும்பாபிஷேகம், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், குளம் தூர் வாருதல் என்று எதற்குப் போய் நின்றாலும் வெறுங்கையோடு அனுப்பாத ஊர்கள் இவை. கஷ்டம் அடுத்த ஆண்டில்தான் தொடங்குகிறது. முதல் முறை கொடுப்பவர் பெரும்பாலும் உடன் அழைத்துப் போனவரின் முகத்துக்காகக் கொடுக்கிறார். அதே மனிதர் மறு ஆண்டும் கொடுத்தால், நாம் செய்கிற வேலை அவர் மனத்தில் தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

1926இல் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நால்வரும் சொத்தைப் பாகம் பிரித்தபோது, அறத்துக்கென்று ஐந்தாவது பங்கு ஒன்றை ஒதுக்கி அறநிலையம் தொடங்கியது இந்தப் பக்கம் பலரும் அறிந்த செய்தி. மனம் இளகிய ஒரு நாளில் எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துபோவதற்கு இடமில்லாமல், குடும்பக் கணக்கிலேயே அறத்துக்கு ஒரு பத்தியை அவர்கள் ஏற்படுத்திவிட்டார்கள். அந்த அளவுக்கான சொத்தை நாங்கள் யாரிடமும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஐயாயிரம் ரூபாயாக இருந்தாலும், தை பிறந்தால் இவர்களுக்கு இவ்வளவு என்று ஒரு வீட்டில் பேசி முடிவாகியிருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

சி.எஸ்.ஆர். எனப்படும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பணத்தைத் தேடிப் போகும்படி நண்பர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் எங்களுக்குக் கொடுப்பவர்கள் சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்கள், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர்கள், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி உரிமையாளர்கள், திருப்பூரில் சிறிய அளவில் பனியன் கம்பெனி நடத்துபவர்கள். அவர்களுடையவை பெரும்பாலும் தனியொருவர் நடத்தும் தொழில்கள், அல்லது அண்ணன் தம்பியும் மாமன் மச்சானும் சேர்ந்த கூட்டுத் தொழில்கள். அந்தச் சட்டம் அவர்களைத் தொடாது. திட்ட அறிக்கையை அவர்கள் கேட்பதும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணனோ அக்காவோ நின்ற இடத்திலேயே முடிவெடுக்கிறார்கள் என்பதால், அந்த ஒரு மனிதரை நாம் எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இதற்காகவே அலுவலகத்தில் ஒரு நீளக் குறிப்பேடு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒரு பக்கம். தொகையும் தேதியும் கணினியிலேயே இருப்பதால் அவற்றை இதில் எழுதுவதில்லை. "அப்பா திதி ஆவணியில். அன்றைக்கு நோயாளிகளுக்குச் செய்ய விரும்புகிறார்." "ரசீது அம்மா பெயரில்." "மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிட வேண்டாம். கடையில் சரக்கு இறங்கும்." "பெயர் வெளியே தெரியக் கூடாது. பெரிய மகனுக்கும் சொல்லவில்லை." இப்படிப்பட்ட வரிகள்தான் அதில் இருக்கும். வேலையாள் மாறினாலும் உறவு அறுந்துபோகாமல் இருப்பது இந்தக் குறிப்பேட்டால்தான். பழையவர் விலகும்போது புதியவரை அழைத்துக்கொண்டு முக்கியமானவர்களின் வீட்டுக்கு நேரில் போய் அறிமுகம் செய்துவிட்டு வருவதும் எங்கள் வழக்கம். பருவத்தையும் அதில் குறித்திருக்கிறோம். நடவுச் செலவு கையைக் கடிக்கும் மாதங்களில் மஞ்சள் விவசாயியிடம் போகக் கூடாது. அறுவடை முடிந்து மூட்டை விலைபோன பிறகு போகலாம். தீபாவளி போனஸ் பட்டுவாடா நடக்கும் வாரத்தில் பனியன் கம்பெனி வாசலில் நிற்பது அநாகரிகம் என்றே நான் நினைக்கிறேன்.

இதைவிட முக்கியமானது, எதையும் கேட்காமல் எழுதும் கடிதம். கொடுத்த ஒரு வாரத்துக்குள் ரசீதும் நன்றியும் போய்விடும். அதன் பிறகு அடுத்த முறை கேட்பதற்கு முன்னால், அந்தப் பணம் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்லும் கடிதம் ஒன்றாவது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆடம்பரமான வண்ண அறிக்கை தேவையில்லை. "ஒரு பெரியவருக்கு முதுகில் இருந்த படுக்கைப் புண் இப்போது ஆறி வருகிறது. எங்கள் செவிலியர் போய்ப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதற்கு மருமகள் பழகிக்கொண்டார். காற்று மெத்தை இன்னும் சில மாதம் அங்கேயே இருக்கும்" என்று நான்கு வரி எழுதினால் போதும். நல்ல செய்தியை மட்டும் எழுதும் கடிதத்தை யாரும் நெடுநாள் நம்புவதில்லை. ஆகவே வண்டி பழுதாகி நின்றதால் சில வீடுகளுக்குத் தாமதமாகப் போனதையும், பயிற்சி பெற்ற செவிலியர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதையும் அதே கடிதத்தில் எழுதுகிறோம். இப்படி எழுதியதால் யாரும் கையை இழுத்துக்கொண்டதில்லை. வண்டி செய்தியைப் படித்துவிட்டு, தனக்குத் தெரிந்த பட்டறையில் சொல்லி வைத்தவர்கள்தான் உண்டு.

நான் அதிகம் போராடுவது சம்பளம் என்ற விஷயத்தில். "சம்பளத்துக்கெல்லாம் வேண்டாமுங்க, ஏதாச்சும் பொருளா வாங்கிக் குடுத்தர்றேனுங்க" என்ற பேச்சை இந்த வேலையில் இருக்கும் யாரும் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சக்கர நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது. செவிலியர் வந்து போகும் அரை மணி நேரம் தெரிவதில்லை. ஆனால் எங்கள் சேவை முழுவதும் அந்த அரை மணி நேரத்தில்தான் அடங்கியிருக்கிறது. சம்பளத்தை 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்புக்குள் மறைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. செவிலியர் ஊதியம், வண்டி, மருந்து, அலுவலகம் என்று நான்கையும் பிரித்து, கணக்கை முன்னால் வைத்துப் பேசுவேன். ஒருமுறை அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது உடனிருந்த விசைத்தறிக்காரர் ஒருவரே எனக்காகப் பதில் சொன்னார்: "தறியை வாங்கிப் போட்டா மட்டும் துணி வந்துருமுங்களா? ஓட்டறவனுக்குக் கூலி வேண்டாமுங்களா?" அவர் இப்போது ஆண்டுதோறும் ஒரு செவிலியரின் ஒரு மாத ஊதியத்தை ஏற்றுக்கொள்கிறார்.

பெயர் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் டியூப்லைட் முதல் பேருந்து நிழற்குடை வரை 'உபயம்' எழுதும் பழக்கம் நம்முடையது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கொடுத்தவர் பெயர் ஊருக்குத் தெரிவது நியாயமே. ஆனால் நோயாளி படுத்திருக்கும் மெத்தையில் பெயர் எழுதுவதற்கும், அந்தப் படுக்கை அருகே நின்று புகைப்படம் எடுப்பதற்கும் நாங்கள் இணங்குவதில்லை. முடியாமல் படுத்திருக்கும் ஒருவரின் நிலையைக் காட்டி நிதி திரட்டுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. கொடையாளர் பெயர் ஆண்டறிக்கையில் வரும், அலுவலகப் பலகையில் வரும். பொறுமையாக எடுத்துச் சொன்னால் கொங்கு மக்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். தன் வீட்டுப் பெரியவரை அந்தப் படுக்கையில் நினைத்துப் பார்க்காதவர் யாரும் இல்லை.

வரிச் சலுகையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். 80ஜி என்று எல்லோருக்கும் பழகிய நன்கொடைக் கழிவு, புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்களுக்குக் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பழைய முறையிலும் கிடையாது. நிதியாண்டு முடிந்து மே 31க்குள் நன்கொடை விவரப் படிவத்தை நாங்கள் தாக்கல் செய்து, நன்கொடைச் சான்றிதழை எடுத்துக் கொடையாளருக்குத் தர வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அவருடைய ஆடிட்டர் அவரைத்தான் கேட்பார். ஆகவே அதைச் சரிபார்ப்பதும் உறவைப் பேணும் வேலையே.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்ததும் திருப்பூர் அன்பர்கள் பலருக்கு ஆர்டர்கள் நின்றன. அந்த மாதங்களில் அவர்கள் யாரிடமும் நாங்கள் பணம் கேட்கவில்லை. தொழில் எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தோம், கடிதம் எப்போதும்போலப் போயிற்று. சிலர் தொகையைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒருவர், "இந்த வருசம் மன்னிச்சுக்குங்க தம்பி" என்று தானாகவே அழைத்துச் சொன்னார். அவர்கள் பட்டியலில் அப்படியே இருக்கிறார்கள். தொழில் நிமிர்ந்த பிறகு அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம். இதனால் விழுந்த துண்டை வேறு தொழில்களில் இருப்பவர்களிடம்தான் ஈடுகட்டியாக வேண்டும். புது மஞ்சள் வரத்து முடியும் சமயம் பார்த்து மொடக்குறிச்சி, சிவகிரிப் பக்கம் போவதாக இருக்கிறோம்.