பழைய ஏற்பாட்டு இறையியல் பேப்பர்: உடன்படிக்கை அன்பை நான் படித்த விதம்

செமினரியில் பழைய ஏற்பாட்டு இறையியல் பேப்பர் எழுதப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது, ஹெசெத் (உடன்படிக்கை அன்பு, கிருபை என்று மொழிபெயர்க்கப்படும் எபிரேயச் சொல்) பற்றிய கேள்வி வந்தால் என்ன எழுதுவது என்றுதான். கிருபை, இரக்கம், மாறாத அன்பு என்று மூன்று பக்கம் நிரப்பிவிடலாம். ஆனால் அது ஞாயிறு பிரசங்கம் மாதிரி இருக்கும், மார்க் விழாது.

நான் யாத்திராகமம் 34:6-7ஐ (கடவுள் இரக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த ஹெசெத்தும் உள்ளவர், ஆனாலும் குற்றவாளியைத் தண்டிக்காமல் விடாதவர் என்ற வரிகள்) மட்டும் நன்றாக மனப்பாடம் செய்துகொண்டு, அதே வரிகள் வேறு எங்கெல்லாம் வருகின்றன, யார் வாயிலிருந்து, எந்த நெருக்கடியில் வருகின்றன என்று தேடிப் போனேன். முதலில் அது எங்கே சொல்லப்படுகிறது என்று பாருங்கள். பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில் கற்பலகைகள் உடைந்து, மோசே திரும்ப மலையேறி நிற்கும்போது, அதாவது உடன்படிக்கை முறிந்த கையோடு. எண்ணாகமம் 14இல் வேவு பார்த்தவர்களின் பேச்சைக் கேட்டு ஜனங்கள் கலகம் செய்தபோது மோசே அதே வரிகளைக் கடவுளிடமே திருப்பிச் சொல்லி மன்றாடுகிறார், தண்டனை பற்றிய பகுதியையும் விடாமல். யோனா 4:2இல் அதுவே புகாராகிவிடுகிறது: நீர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதானே ஓடினேன் என்கிறான். அங்கே தண்டனைப் பகுதி இல்லை, அதற்குப் பதில் தீங்கு செய்யாமல் மனம் மாறுகிறவர் என்று சேர்ந்திருக்கிறது, யோவேல் 2:13இலும் அப்படியே. இந்த வித்தியாசத்தை ஒரு பாராவில் எழுதினாலே, திருத்துகிறவருக்கு நீங்கள் மூலத்தைப் படித்தவர் என்று தெரிந்துவிடும்.

அடுத்து, கடவுள் ஆபிராமோடு உடன்படிக்கை செய்கிற ஆதியாகமம் 15. கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் நடுவே பிளந்து எதிரெதிராக வைக்கிறார் ஆபிராம், பறவைகளை மட்டும் பிளக்கவில்லை. சூரியன் சாயும்போது அவருக்கு அயர்ந்த தூக்கம் வர, கடவுளின் அடையாளமாகப் புகைகிற சூளையும் நெருப்பும் துண்டங்களுக்கு நடுவே கடந்து போகின்றன. ஆபிராம் கடந்து போனதாக இல்லை. இதை எரேமியா 34:18-20ஓடு சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும், அங்கே கன்றுக்குட்டித் துண்டுகளின் நடுவே நடந்து வாக்குக் கொடுத்து அப்புறம் மீறியவர்களுக்கு என்ன வரும் என்று இருக்கிறது. ஆணையின் பாரத்தைக் கடவுள் தன் மேல் எடுத்துக்கொள்கிறார் என்று பலர் விளக்குவது இதனால்தான்.

பழங்கால ஹித்திய அரசர்கள் தங்களுக்குக் கீழ்ப்பட்ட அரசர்களோடு செய்த ஒப்பந்தங்களைப் பைபிள் உடன்படிக்கையோடு ஒப்பிடுவதை (ஆய்வாளர் மெண்டன்ஹால், 1954) நாலு வரியில் முடியுங்கள், அதிலேயே நேரத்தைக் கொட்டுகிறவர்கள் அதிகம். நெல்சன் குளூக் 1927இல் ஹெசெத்தை உறவுக்குள் இருக்கிற பரஸ்பரக் கடமையாகப் பார்த்தார். 1978இல் கேத்தரின் சாக்கன்ஃபெல்ட், நெருக்கடியில் இருப்பவருக்கு உதவும் நிலையில் இருப்பவர் கட்டாயமின்றிச் செய்வது என்ற பக்கத்தை அழுத்தினார். யோனத்தானுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, அவன் மகனான, இரண்டு காலும் முடமான மேவிபோசேத்தைத் தாவீது தன் பந்தியில் உட்கார வைப்பதை உதாரணமாகக் கொடுத்தால் இரண்டு பேரின் கருத்தையும் அதிலேயே சோதித்துக் காட்டலாம்.

வரலாற்று வரிசை மறந்துபோனால் சங்கீதம் 136 கைகொடுக்கும். படைப்பு, எகிப்து, செங்கடல், வனாந்தரம், தோற்கடிக்கப்பட்ட அரசர்கள் சீகோன், ஓக், தேசம் என்று வரிசையாக, 26 வசனத்திலும் அவர் கிருபை (ஹெசெத்) என்றுமுள்ளது என்ற அதே பல்லவியோடு போகிறது. உடன்படிக்கை செய்யப்பட்ட சீனாய் மலை மட்டும் அதில் இல்லை! ஏன் என்று நீங்களே யோசித்து எழுதலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சங்கீதம் 89, ஆனால் விடைத்தாள்களில் அதிகம் ஒதுக்கப்படுவதும் அதுதான். என் கிருபை அவனை விட்டு விலகாது என்று 2 சாமுவேல் 7:15இல் தாவீதின் வாரிசைக் குறித்துச் சொன்ன வாக்கை 37 வசனம் வரை கொண்டாடிவிட்டு, 38இல் சட்டென்று திரும்புகிறது: நீர் தள்ளிவிட்டீர், கிரீடத்தைத் தரையில் போட்டீர், ஆணையிட்ட அந்தப் பழைய கிருபைகள் எங்கே? கி.மு. 587 வாக்கில் எருசலேம் விழுந்ததோடு இதை இணைத்துப் படிப்பவர்கள் பலர். கடைசி ஸ்தோத்திர வசனத்தைப் பதில் என்று எழுதிவிடாதீர்கள், அது சங்கீதங்களின் மூன்றாம் பகுதி முடிகிற இடத்தில் வைத்த முடிப்பு. கேள்வி "விமர்சன நோக்கில் ஆராய்க" என்று வந்தால் இதே அன்பைப் பேசும் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் பற்றி எழுதுவதைக் கொஞ்சம் சுருக்கியாவது இந்தச் சங்கீதத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.