மைனஸ் 15 என்று எழுதியிருந்த பை

ராத்திரி ஒன்றரை மணிக்கு, ஜூடா கா தாலாப் ஏரிக்கரையில், கூடாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்திருந்தேன். படுக்க முடியவில்லை. உத்தராகண்டில் கேதார்கந்தா மலை ஏறுகிறவர்கள் சாங்க்ரி கிராமத்திலிருந்து கிளம்பி முதல் ராத்திரி தங்குகிற இடம் அது. ஏறத்தாழ 9,100 அடி உயரம். 2022 டிசம்பர் கடைசி வாரம், ஏரி உறைந்து கிடந்தது. இடுப்பும் தோளும் தரையில் படுகிற இடத்திலெல்லாம் ஐஸ் கட்டியை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. பக்கத்தில் என் தம்பி, அதே கடையில் வாடகைக்கு எடுத்த அதே மாதிரி ஸ்லீப்பிங் பேக்கில், அதாவது உள்ளே நுழைந்து ஜிப்பை மூடிப் படுக்கிற பையில், குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பினேன்.

"எனக்கு வேர்க்குக்கா. நீ என்ன இப்படி நடுங்குத?"

பொய் சொல்லவில்லை. அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன், ஈரம். அப்புறம் அவன் எழுந்து போய் வழிகாட்டியைக் கூப்பிட்டான். அந்த மலைப்பகுதிப் பையன் என் பையைத் தொட்டே பார்க்கவில்லை. நேராகக் கீழே கைவிட்டு நான் படுத்திருந்த விரிப்பைத் தடவினான். போய் இன்னொரு ஃபோம் பாய் கொண்டுவந்து பழைய பாயின்மேல் போட்டான். கால் மணி நேரத்தில் இடுப்புக் குளிர் விட்டது. மீதிக் குளிரோடு எப்படியோ விடிந்தது.

வாடகைக் கடையில் பையின் உறைமேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக மைனஸ் 15 என்று எழுதியிருந்தார்கள். மைனஸ் 15 டிகிரிக் குளிர்வரை தாங்கும் என்று நம்பித்தான் எடுத்தேன். காலையில் பையை உதறி மடிக்கும்போது உள்பக்கத் தையலில் ஒரு சின்னத் துணி லேபிள் கண்ணில் பட்டது. அதில் மூன்று எண்கள்: 5, 0, மைனஸ் 15. முதலாவது கம்ஃபர்ட், இரண்டாவது லிமிட், மூன்றாவது எக்ஸ்ட்ரீம். கடைக்காரர் மூன்றாவதை மட்டும் எடுத்து வெளியே எழுதிவிட்டார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இந்த எண்களைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதற்கு முன் ஐரோப்பாவில் இஎன் 13537 இருந்தது. சூடேற்றிய ஒரு பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்து, குளிர் அறையில் வைத்து, எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது என்று அளந்து இந்த எண்களைக் கணக்கிடுகிறார்கள். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருத்தி கைகாலைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிச் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே இல்லை. ஆறு மணி நேரம் உயிர் தாங்கும், அவ்வளவுதான்.

ஒரே மாதிரிப் பைக்குள் அவனுக்கு வேர்த்ததும் நான் நடுங்கியதும் அப்போதுதான் புரிந்தது. ஆணின் உடல் பொதுவாகப் பெண்ணின் உடலைவிட அதிக வெப்பம் தருகிறது. போதாததற்கு அவன் ராத்திரி நான்கு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தான். நான் பசியில்லை என்று சூப்போடு படுத்தவள். பை தானாகச் சூடு உண்டாக்காது. நம் உடல் தருகிற சூட்டைப் பிடித்துவைக்கும், அவ்வளவே.

அதனால் பை வாங்கப் போகும் என் தோழிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: லேபிளில் கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள். போகிற இடத்தின் ராத்திரிக் குளிரைவிட அது நான்கைந்து டிகிரி கீழே இருக்கட்டும். கம்ஃபர்ட் எண்ணே போடாத பையை நான் தொடமாட்டேன்.

பாய் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். பைக்குள் இருக்கும் பஞ்சோ இறகோ நேரடியாக நம்மைச் சூடாக வைப்பதில்லை. அவற்றுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான் வைக்கிறது. நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பகுதி நம் எடையில் நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்த பையானாலும் அடியில் வெறும் துணிபோல ஆகிவிடும். தரை சூட்டை உறிஞ்சாமல் தடுப்பது பாய் மட்டுமே. பாய்க்கு ஆர்-வேல்யூ என்று ஓர் எண் உண்டு, சூடு கீழே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்வது. சாதாரண ஃபோம் பாய்க்கு 2 பக்கம் வரும். பனிமேல் படுக்க 4-க்கு மேல் வேண்டும், 5 இருந்தால் நல்லது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாய் போட்டால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம். அந்தப் பையன் செய்தது அதைத்தான்.

அப்புறம், உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது. அன்னத்தூவி என்று நம் பழைய பாட்டுகளில் வருமே, அந்த மாதிரித் தூவிதான் விலை கூடிய பைகளில் இருக்கிறது. வாத்தின் மார்பிலிருந்து எடுப்பது. ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதை ஃபில் பவர் என்கிறார்கள்: 550, 650, 800 என்று போகும். எண் கூடக்கூட அதே சூட்டுக்குக் கனம் குறையும், விலை ஏறும். தூவிக்கு எதிரி ஈரம். நனைந்தால் ஈரப்பஞ்சு மாதிரிக் கட்டிதட்டிவிடும். செயற்கை இழைப் பை கனம்தான், மடித்தால் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், சீக்கிரம் காயும். கொழுக்குமலை, மேகமலை என்று மூடுபனிக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு அதுதான் சரி. ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும், அதற்குத் தகுந்ததாக எடுக்க வேண்டும். ஏலகிரிக்குக் கோடையில் போக ஒரு போர்வை போதும், பை எதற்கு.

இமயமலைக் குளிர் வறண்டது என்பதால் நான் தூவிப் பை வாங்கினேன். 650 ஃபில் பவர், கம்ஃபர்ட் மைனஸ் 5, கனம் 1.4 கிலோ. வாங்குவதற்கு முன் கடையிலேயே தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன். கூச்சப்படக் கூடாது. என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். முதலில் காட்டிய பையில் காலுக்குக் கீழே ஒரு முழம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தையும் நம் உடல்தான் சூடாக்க வேண்டும். குட்டையான அளவு கேட்டு வாங்கினேன். ஜிப்பைப் படுத்தபடியே இருபது தடவை திறந்து மூடினேன். ஜிப்பை ஒட்டி உள்பக்கம் ஒரு தடித்த துணிக்குழாய் ஓட வேண்டும், இல்லையென்றால் பல்லிடுக்கு வழியாகக் காற்று நுழையும். தோளைச் சுற்றி இழுத்துக் கட்டுகிற காலரும் அப்படித்தான். நாடாவைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடிப் பார்த்தேன், கிடைத்தது. இருட்டில் அதுதானே வேண்டும்.

மறு பிப்ரவரியில் பிரம்மதால், அதே உத்தராகண்டில் இன்னொரு மலை ஏற்றம். ராத்திரி மைனஸ் 8, பையின் கம்ஃபர்ட் எண்ணுக்கும் கீழே. அதனால் வயிறு நிறையச் சாப்பிட்டேன். நடந்த வேர்வை உடுப்பைக் கழற்றிவிட்டுக் காய்ந்த தெர்மல் உள்ளுடுப்பும் சாக்ஸும் மாட்டினேன். வெந்நீர் ஊற்றிய பாட்டிலைக் கசிகிறதா என்று கவிழ்த்துப் பார்த்துக் காலடியில் வைத்தேன். மூக்கை மட்டும் வெளியே விட்டுக்கொண்டேன். மூச்சுக்காற்றின் ஈரம் தூவிக்குள் இறங்கக் கூடாது. விடியற்காலை வழிகாட்டி டீ டம்ளரோடு வந்து எழுப்பும்வரை ஒரே தூக்கம்.

வீட்டில் பையைச் சுருட்டி வைப்பதில்லை. அமுக்கியே வைத்தால் தூவி தன் விரிவை இழந்துவிடும். அப்பாவின் பழைய வேட்டியில் அம்மா பெரிதாக ஒரு உறை தைத்துத் தந்தார். அதில் தொளதொளவென்று போட்டு அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன். போன மாதம் அத்தை மகள் கேதார்கந்தா போகிறேன் என்று பையைக் கேட்டு வந்தாள். பாய் வேண்டாம், அடைசல் என்றாள். பாயை எடுக்காவிட்டால் பையும் கிடையாது என்று சொல்லி, இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்.